கயிறு யார் கையில்?

உட்காருங்கள். பெரியவர்கள் முன்னால், சின்னவர்கள் அவர்களுக்கும் முன்னால். உங்கள் ஊரும் என் ஊரும் உண்டாவதற்கு முன்னால் நடந்த கதை இது.

தெற்கே ஒரு ராஜா இருந்தார். ராஜாவுக்கு ஒரு கடல் இருந்தது. கடலுக்கு அடியில் முத்து இருந்தது. முத்து ராஜாவுடையது, அதை எடுக்கும் மூச்சு மட்டும் மனிதர்களுடையது.

அந்த மனிதர்கள் இருந்த ஊர் வெண்மணல்துறை. ஆண்டு முழுவதும் அங்கே கடல் முரண்டு பிடிக்கும். பங்குனி பிறந்ததும் முப்பது நாள் அடங்கிக் கிடக்கும். அந்த முப்பது நாளில்தான் முத்துக் குளிப்பு. முப்பத்தோராம் நாள் காற்று திரும்பிவிடும், கெஞ்சினாலும் நிற்காது.

ஒரு வருஷம் அந்தத் துறையை ராஜா சேந்தன் என்ற வணிகனிடம் ஒப்படைத்தார். ஒரே ஒரு நிபந்தனை. காற்று திரும்புவதற்குள் ஒரு நாழிப் படி நிறைய முத்து அரண்மனைக்கு வர வேண்டும். வராவிட்டால் துறை இன்னொருவனுக்குப் போகும். சேந்தன் இந்தத் துறைக்காகத் தன் நெல் மண்டியை விற்றுவிட்டு வந்தவன். துறை போனால் திரும்பிப் போக அவனுக்கு இடம் இல்லை.

சேந்தன் கெட்டவன் இல்லை, முட்டாளும் இல்லை. இருபது வருஷம் மண்டியில் ஆள் வைத்து வேலை வாங்கியவன். மூட்டை தூக்க வருபவனின் தோளைப் பார்த்தே, இவன் எத்தனை மூட்டை தாங்குவான் என்று சொல்லிவிடுவான். சொன்னது தப்பாது. அந்தக் கண்ணோடுதான் கடற்கரைக்கு வந்தான்.

முதல் ஐந்து நாளும் படகில் உட்கார்ந்து வேலையைக் கவனித்தான்.

குளிப்பவன் காலில் கல்லைக் கட்டிக்கொள்வான். இடுப்பில் கயிறு. கழுத்தில் வலைப்பை. கல் அவனைக் கீழே கொண்டுபோகும். தரையில் கிடக்கும் சிப்பிகளை வாரிப் பையில் போடுவான். மூச்சு முடியும்போது கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பான். படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவனையும் பையையும் சேர்த்து மேலே இழுப்பான். ஒவ்வொரு குளிப்பவனுக்கும் ஒருவன் கயிறு பிடிப்பான். துடுப்புக்காரர்கள் அதுவரை சும்மா இருப்பார்கள். துடுப்புக்காரர்கள் மட்டும் சேந்தன் தன் ஊரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள். மண்டியில் மூட்டை தூக்கியவர்கள்.

ஐந்து நாளில் சேந்தன் மூன்று விஷயங்களைக் கண்டான்.

ஒன்று, கயிறு பிடிப்பவர்களில் பாதிப் பேருக்கு உடம்பில் வலு இல்லை. குளிப்பவர்களின் தலைவன் கூத்தன். கூத்தனுக்குக் கயிறு பிடிப்பவன் ஆலன். ஆலனுக்கு ஒரு கால் ஊனம். கை இரண்டும் முருங்கைக் குச்சி. பக்கத்திலேயே துடுப்புக்காரன் ஒருவன் மலைபோல உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறான்.

இரண்டு, கயிறு பிடிப்பவன் எல்லாப் படகிலும் குளிப்பவனின் மச்சானாக இருந்தான். மனைவியின் அண்ணன், அல்லது தம்பி. ஆலன் கூத்தனுடைய மனைவியின் தம்பி.

மூன்று, வந்து சேர்ந்த சிப்பிக்கும் அதிலிருந்து கிடைத்த முத்துக்கும் பொருத்தம் இல்லை. சந்தையில் யாரோ முத்தை மடியில் முடிந்து விற்பதாகவும் காதில் விழுந்தது.

மூன்றையும் கூட்டிப் பார்த்தான். விடை தானாக வந்தது. மச்சானும் மச்சானும் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். சிப்பியைப் படகிலேயே பிளந்து முத்தை எடுத்துவிடுகிறார்கள்.

ஆறாம் நாள் பறை அறைந்து சொன்னான். "நாளை முதல் கயிறு பிடிப்பது துடுப்புக்காரர்கள். எவன் எவனுக்குப் பிடிப்பது என்று தினமும் காலையில் ஓலை குலுக்கி எடுத்து முடிவு செய்வோம். மச்சான்மார் துடுப்புப் போடட்டும்."

வலுவான கை வேகமாக இழுக்கும். உறவில்லாதவன் கூட்டுக் களவுக்கு வரமாட்டான். இரண்டு நன்மை ஒரே உத்தரவில். இரண்டு நாளில் இவர்களே நமக்கு நன்றி சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு தூங்கினான்.

ஏழாம் நாள் விடிந்தது. கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. பத்துப் படகும் மணலில் கிடந்தன. படகு நிழலில் நாய்கள் தூங்கின. ஒரு மனிதன் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

சேந்தன் கூத்தனைக் கூப்பிட்டான்.

"என்னப்பா, ஏன் இறங்கலை?"

"கயிறு எங்க ஆளு கையில இருக்கணும், முதலாளி."

"ஏன்?"

கூத்தன் வாயைத் திறந்தான். பின்னால் நின்ற நாற்பது பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"வழக்கம் முதலாளி."

வழக்கம் என்றால் காரணம் இல்லை என்று பொருள். காரணத்தைச் சொல்ல முடியவில்லை என்றால் களவு என்று பொருள். சேந்தன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். ஆனால் மண்டியில் பழகியவன் இல்லையா, முதல் நாளே சண்டைக்குப் போகமாட்டான். முதலில் கொடுத்துப் பார்த்தான்.

"இதுவரை எடுக்கிற சிப்பியில் நாலில் ஒன்று உங்கள் பங்கு. இனிமேல் மூன்றில் ஒன்று."

கூட்டத்தில் சலசலப்பு ஏற்பட்டது. வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மூன்று நாள் பேசினார்கள்.

"பங்கு நல்லாத்தான் இருக்கு, முதலாளி" என்றான் கூத்தன். "கயிறு?"

இவ்வளவு பெரிய பங்கை வேண்டாம் என்கிறவன் அதைவிடப் பெரியதைத் திருடிக்கொண்டிருக்க வேண்டும். சேந்தன் நினைத்தது தப்பு. ஆனால் அவன் இடத்தில் இருந்தால் நீங்களும் அதையேதான் நினைத்திருப்பீர்கள்.

கொடுத்தது பலிக்கவில்லை. அடுத்து எடுத்துப் பார்த்தான். ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு அவன் கூடாரத்துப் பக்கம் இருந்தது. அதற்கு வேலி போட்டான்.

பெண்கள் வேலியைப் பார்த்தார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பனங்காட்டைத் தாண்டி ஊற்றுக்கு நடந்தார்கள். போகும்போதும் அவன் கூடாரத்து வாசல் வழி, வரும்போதும் அவன் கூடாரத்து வாசல் வழி. சுற்று வழிதான், வேண்டும் என்றே வந்தார்கள். மூன்றாம் நாள் கூத்தனின் மனைவி நின்றாள்.

"முதலாளி, உங்க கிணறு சுகமா இருக்கா?"

சேந்தன் தலையை நிமிர்த்தினான்.

"ஒத்தையில கிடக்குதே, பாவம். ராத்திரி பயந்துக்கப் போவுது. பக்கத்துல படுத்துக்கிடுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அது பரவாயில்லை. அவன் பின்னால் நின்ற துடுப்புக்காரர்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே வேலியைப் பிரித்துவிட்டான்.

கொடுத்தாயிற்று, எடுத்தாயிற்று. கடைசியாக மாற்றிப் பார்த்தான். வடக்குக் கரைக்கு ஆள் அனுப்பிப் பன்னிரண்டு பேரைக் குளிக்க வரவழைத்தான். அவர்கள் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. வந்தவர்களின் தலைவன் படகைத் தட்டிப் பார்த்தான், கல்லைத் தூக்கிப் பார்த்தான், பிறகு கேட்டான்.

"கயிறு யார் பிடிக்கிறது?"

சேந்தன் பெருமையோடு துடுப்புக்காரனைக் காட்டினான்.

"இவரு எனக்கு என்ன உறவு?"

"உறவு எதுக்கு? கையைப் பாரு."

அவன் பார்த்தான். தொட்டும் பார்த்தான். "நல்ல கை" என்றான். "மூட்டை தூக்கட்டும்." பன்னிரண்டு பேரும் கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே போனார்கள்.

பதினைந்து நாள் போயிற்று. நாழியில் கால்பங்கு முத்துகூட இல்லை.

பதினாறாம் நாள் காலை ஒரு பெண் அவன் கூடாரத்துக்கு வந்து, வாசலில் வெயிலில் சுருட்டி வைத்திருந்த கயிறுகளைத் தோளில் எடுத்து மாட்டத் தொடங்கினாள். அவள் பெயர் கொற்றி. துறைக்குத் தேங்காய் நார்க் கயிறு திரித்துக் கொடுப்பவள்.

"யாரைக் கேட்டு எடுக்கிறாய்?"

"இது கடலுக்குன்னு திரிச்ச கயிறு, ஐயா. தண்ணி படாம வெயில்ல கிடந்தா முறுகி அறுந்துபோவும். அப்புறம் கொற்றி கயிறு அறுந்துச்சுன்னுதான் ஊரு பேசும். உங்க சண்டைக்கு என் பேரு எதுக்குக் கெடணும்?"

சேந்தனுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஒன்பது நாளில் அவனிடம் ஒருவர் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை.

"உட்கார், அம்மா. நீயாவது சொல். ஏன் இறங்கமாட்டேன் என்கிறார்கள்? மூன்று தடவை கேட்டுவிட்டேன்."

"சொல்லமாட்டாங்க."

"அதைத்தான் கேட்கிறேன். ஏன்?"

"காரணத்துக்குள்ள ஒரு வார்த்தை இருக்கு. பங்குனி முடியுற வரைக்கும் அந்த வார்த்தையை இந்தக் கரையில யாரும் உச்சரிக்கமாட்டோம். குளிக்கிறவனும் சொல்லமாட்டான், அவன் பொஞ்சாதியும் சொல்லமாட்டா. நானும் சொல்லமாட்டேன்."

"பிறகு எனக்கு எப்படித்தான் தெரிவது?"

கொற்றி கயிற்றை இறக்கி வைத்தாள். அவனுடைய இடுப்பைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் இடுப்பு இருக்கு, மூச்சு இருக்கு. ஒரே ஒரு தடவை கீழ போய்ட்டு வாங்க. மூணு ஆள் ஆழம் போதும். கயிறு பிடிக்கிற ஆளை நீங்களே தேர்ந்தெடுத்துக்கிடுங்க. உத்தரவு போட்டவர்தானே, உங்களுக்கு இதுல என்ன கஷ்டம்?"

சேந்தன் எழுந்தான். மூன்று ஆள் ஆழத்துக்குப் பயந்தான் என்ற பேரை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப அவனால் முடியாது. ஒரு படகைத் தள்ளச் சொன்னான். கரையில் ஊரே கூடிவிட்டது. ஒருபக்கம் குளிப்பவர்கள், இன்னொரு பக்கம் அவனுடைய ஆட்கள்.

காலில் கல்லைக் கட்டினார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு சேந்தன் தன் ஆட்களைப் பார்த்தான்.

முதலில் அந்த மலைபோன்ற துடுப்புக்காரன். கை நீட்டினான். நல்ல கை. ஆனால் இவனுக்கு நான் யார்? ஒரு கொக்கு பறந்தால் இவன் கண் கொக்கின் மேல் போகும். நான் போனால் இவனுக்கு வேறு முதலாளி கிடைப்பான். சேந்தன் கயிற்றைக் கொடுக்கவில்லை.

அடுத்து கணக்கன். பத்து வருஷம் கூடவே இருப்பவன். ஆனால் துறை எப்படி நடக்கிறது என்று இவனுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இல்லாவிட்டால் ராஜா யாரிடம் துறையைக் கொடுப்பார்? சேந்தன் கயிற்றைக் கொடுக்கவில்லை.

மூன்றாவது, பெரியப்பா மகன். சொந்த ரத்தம். "அண்ணே, நான் பிடிக்கிறேன்" என்று முன்னால் வந்தான். சேந்தனுக்குப் பிள்ளை இல்லை. வீடும் நிலமும் அடுத்தபடி பங்காளிக்குத்தான். தம்பியின் கை நீண்ட வேகத்தைப் பார்த்ததும் சேந்தன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். கயிற்றைக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் அவன் குளிப்பவர்கள் நின்ற பக்கம் திரும்பினான். கூத்தன் பக்கத்தில் ஆலன், முருங்கைக் குச்சிக் கையோடு, ஒரு காலில் சாய்ந்து நின்றான். அவர்களுக்குப் பின்னால் கூத்தனின் மனைவி. ஆலனின் அக்காள். அவள் கழுத்தில் தாலி.

கூத்தன் மேலே வராவிட்டால் அந்தக் கழுத்து என்ன ஆகும்?

இந்த உலகத்தில் கூத்தனின் கயிற்றைக் கைநழுவ விடவே முடியாத ஒருவன் உண்டு என்றால் அது அந்த நொண்டிதான். சொல்லக் கூடாத வார்த்தை எது என்பது சேந்தனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

அவனுக்கு இங்கே மச்சான் இல்லை. ஆனால் மண்டியில் பழுத்த மூளை சும்மா இருக்குமா? நான் வராவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு கரை முழுவதும் கண்ணை ஓட்டினான். ஓட்டி, கயிற்றைக் கூத்தனிடம் நீட்டினான்.

ஊர் திகைத்தது.

"நானா?" என்றான் கூத்தன்.

"நீதான். உனக்கும் எனக்கும் ஒன்பது நாளாகச் சண்டை. அது ஊருக்கே தெரியும். நான் மேலே வராவிட்டால் ராஜா முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்?"

கூத்தன் யோசித்தான். பிறகு அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"என்னைத்தான்."

"அப்படியானால் பிடி."

கூத்தனும் ஒரு துடுப்புக்காரனும் படகில் ஏற, மூன்று ஆள் ஆழத்துக்குப் போனதும் சேந்தன் இறங்கினான். கல் இழுத்தது. பச்சையாக இருந்த தண்ணீர் கறுத்தது. காதுக்குள் யாரோ ஊசி ஏற்றினார்கள். தரை காலில் பட்டதும் கயிற்றை இழுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். பயத்தில் அதுவே மறந்துபோயிற்று. கையை விரித்தான், வாயைத் திறக்கப் பார்த்தான். அவன் இழுக்கவில்லை, ஆனாலும் கயிறு இறுகியது. மேலே இருந்தவன் கயிற்றின் நடுக்கத்தைக் கையிலேயே படித்துவிட்டான். அடுத்த நொடி சேந்தன் வெயிலில் கிடந்தான், இருமிக்கொண்டு, படகுத் தட்டில்.

கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது கூத்தனின் கைகள். இரண்டும் இன்னும் கயிற்றை விடவில்லை. அடுத்தது கூத்தனின் கண்கள். அவை இன்னும் தண்ணீர் மேலிருந்து முழுக்க விலகவில்லை.

நல்ல வியாபாரிக்கு உயிர் திரும்பியதும் மூளையும் திரும்பிவிடும். கயிறு பிடிப்பவனுக்கு இரண்டு கையும் கயிற்றில். இரண்டு கண்ணும் தண்ணீரில். குளிப்பவன் கீழே. அப்படியானால் படகில் சிப்பியைப் பிளக்க எவன் கை சும்மா இருந்தது?

சேந்தன் தலையைத் திருப்பினான். படகின் பின்பக்கம் துடுப்புக்காரன் உட்கார்ந்திருந்தான். மடியில் வெற்றிலை. கையில் பாக்கு வெட்டும் சின்னக் கத்தி. சேந்தன் பார்ப்பதைப் பார்த்ததும் கத்தி மடிக்குள் போயிற்று.

கரைக்கு வந்ததும் துடுப்புக்காரர்களின் மூட்டைகளை எல்லோர் முன்னாலும் அவிழ்க்கச் சொன்னான். மூன்று மூட்டையில் முத்து இருந்தது. மற்றவை சுத்தம். அந்த மூன்று பேரும் அன்றே ஊரை விட்டுப் போனார்கள்.

சேந்தன் கூத்தனிடம் கேட்டான். "உனக்கு இது முன்பே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே?"

"அவங்க உங்க ஆளுங்க, முதலாளி. உங்க ஆளைப் பத்தி உங்ககிட்டயே வந்து சொன்னா, நாங்க தப்பிக்கிறதுக்குச் சொல்றோம்னு நினைப்பீங்க."

நினைத்திருப்பான். அது உண்மைதான்.

"மூன்று தடவை கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஏன் இறங்கலைன்னு கேட்டீங்க. எதுக்குப் பயப்படுறீங்கன்னு ஒரு தடவையும் கேக்கலையே."

கொற்றி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே குறுக்கே புகுந்தாள். "நீ மட்டும் கேட்டியாக்கும்? முதலாளிக்கு எதனால தூக்கம் வரலைன்னு உங்கள்ல ஒருத்தன் கேட்டிருந்தா, ஒன்பது நாள் கடல் வீணாப் போயிருக்காது. உங்க ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. எனக்குத்தான் கயிறு வீணாச்சு."

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கேயே மணலில் உட்கார்ந்து பேசினார்கள்.

கயிறு பிடிக்கும் ஆளைக் குளிப்பவனே வைத்துக்கொள்வான். அதில் யாரும் தலையிடுவதில்லை. சிப்பிக் குவியல் மேல் வலை போட்டு இரண்டு முடிச்சுப் போட வேண்டும். ஒன்றை முதலாளி போடுவார், இன்னொன்றைக் குளிப்பவர்கள் போடுவார்கள். கரையில் இரு தரப்பார் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். பங்கைப் பற்றிக் கூத்தன் வாய் திறக்கவில்லை. "மூன்றில் ஒன்று என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்" என்றான் சேந்தன்.

இன்னொன்றும் பேசினார்கள். சேந்தனின் பழைய உத்தரவில் பாதி நல்லதாகத்தான் இருந்தது. மனிதனை இழுக்க உறவு வேண்டும். சிப்பியை இழுக்க வலு போதும். சிப்பிப் பைக்குத் தனிக் கயிறு கட்டி அதைத் துடுப்புக்காரர்களிடம் கொடுத்தார்கள். ஆலனின் குச்சிக் கைக்குப் பாரம் பாதியாயிற்று. முன்பு ஒரு நாளில் பத்து முறை மூழ்கிய கூத்தன் இப்போது பதினாறு முறை மூழ்கினான்.

பதினேழாம் நாள் பத்துப் படகும் தண்ணீரில் இருந்தன. இருபத்தொன்பதாம் நாள் நாழி நிறைந்தது. முப்பதாம் நாள் எடுத்தது விளிம்புக்கு மேல் கும்பாரமாக நின்றது. முப்பத்தோராம் நாள் காற்று திரும்பியது. திரும்பட்டும் என்று விட்டார்கள்.

அடுத்த பங்குனியில் முதல் படகைத் தள்ளுவதற்கு முன் சேந்தன் மணலில் நின்று கூத்தனைக் கேட்டான். "இந்த வருஷம் உங்களுக்கு எதில் பயம்?"

கூத்தன் சொன்னான். சொல்லி முடித்துத் திருப்பிக் கேட்டான். "உங்களுக்கு?"

சேந்தனும் சொன்னான். அதற்குப் பிறகுதான் படகு நகர்ந்தது. அந்தத் துறையில் அதுவும் ஒரு வழக்கமாயிற்று; இந்த வழக்கத்துக்கு மட்டும் காரணத்தை எல்லோரும் உரக்கச் சொன்னார்கள்.

கதை சொல்லும் நீதி இதுதான்: வேலை செய்பவனும் வேலை வாங்குபவனும் மோதிக்கொள்ளும்போது, மற்றவன் எதை இழக்கப் பயப்படுகிறான் என்று முதலில் கேட்பவனே சண்டையைத் தீர்ப்பவன்.